சாளை எண்ணெய் குடித்த டயர்கள்

எங்கள் தெருக்காரர்கள் என் வேனுக்கு வைத்த பெயர் கேரவன். ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிற வண்டியைத்தான் அவர்கள் அப்படிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். வண்டியை வெளியே எடுத்தால் போதும், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எங்கன ஷூட்டிங்கு? ஹீரோயின எங்க காணும்?" என்று எவனாவது ஒருவன் கேட்டே தீருவான். "ஹீரோயின் ஆஸ்பத்திரியில மாத்திர எடுத்துக் குடுத்துட்டு இருக்கா. வேல முடிஞ்சதும் வருவா, போலே" என்று நானும் விடாமல் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பார்மசிஸ்டாக இருந்தவள். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை ஒன்று விடாமல் குறித்துக்கொள்கிற வேலை. எனக்கு முதலில் ஓய்வு வந்தது, அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. நான் வீட்டில் சும்மா இருந்தால் பாத்திரம் அடுக்குவதிலிருந்து பால்காரரிடம் பேசுவதுவரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓய்ந்த மஞ்சள் வேன் விலைக்கு வருகிறது, அதை வாங்கி உள்ளே கட்டில் போட்டு ஊர் ஊராகப் போகலாம் என்று நான் சொன்னபோது அவள் தடுக்கவில்லை. "செய்யுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

திட்டம் இதுதான். அவள் ஓய்வு பெறுகிற அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்கும். மாலையும் கையுமாக வெளியே வருகிறவள் அப்படியே ஏறிக்கொள்வாள். வீட்டுக்குத் திரும்புவதில்லை. கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போவது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பயணமெல்லாம் துக்க வீடு, கல்யாண வீடு, மாதா கெபி, கோயில் என்று ஒருநாள் போய் மறுநாள் திரும்புகிற பயணங்கள்தான். ஒரு ஊரில் காரணமில்லாமல் நின்று காலையில் டீ குடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கு அந்த டீயை அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க ஆசை. இதை அவளிடம் இப்படிச் சொன்னதில்லை, ஆனால் வேனுக்கு நான் பட்ட பாடெல்லாம் அதற்காகத்தான்.

பாடு என்றால் சாதாரணப் பாடு இல்லை. சீட்டுகளைக் கழற்றி எறிந்தேன். மூலையில் அடுப்பு வைத்துச் சின்னதாக ஒரு குசினி, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை எல்லாம் வைத்தேன். கட்டில் செய்ய மரக்கடைக்குப் போகாமல், வள்ளம் கட்டுகிற ஆசாரியைக் கூட்டிவந்தேன். அவர் கடலுக்கு அனுப்புகிற நினைப்பிலேயே பலகையை அறுத்துப் போட்டார். நான்கு புது டயரும் ஒரு ஸ்டெப்னியும் வாங்கி மாட்டினேன். கையிலிருந்த சேமிப்பு அத்தோடு முடிந்தது.

பிறகுதான் அந்த முட்டாள்தனம் நடந்தது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று கேட்டைத் தின்கிறது, சைக்கிளைத் தின்கிறது, ஃபேனைத் தின்கிறது. இரண்டு வருஷம் அதிகம் ஓடாமல் நிற்கப்போகிற புது டயரை மட்டும் விட்டுவைக்குமா? நான் கீழவைப்பாரில் பிறந்தவன். அங்கே வள்ளத்தைக் கரையேற்றிப் போட்டால் மரம் வெடிக்காமல் இருக்க மீன் எண்ணெய் பூசுவார்கள். அப்பா பூசுவார், சித்தப்பா பூசுவார், எல்லாரும் பூசுவார்கள். நிற்கிற பொருளைக் காற்றிலிருந்து காப்பாற்ற என் ரத்தத்துக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஒரு கேன் சாளை மீன் எண்ணெய் வாங்கிவந்து, பழைய பனியனைக் கிழித்து, ஐந்து டயருக்கும் உள்ளும் புறமும் பளபளவென்று தேய்த்தேன். மாதம் ஒருமுறை, தவறாமல். மனைவி வேலைக்குப் போன பிறகு செய்வேன். அவளுக்கு மூக்கு கூர்மை, வந்தவுடன் ஏதாவது சொல்வாள் என்று பயம். ஆனால் எங்கள் தெருவில் மீன் வாடை யார் மூக்குக்குத் தனியாகத் தெரியப்போகிறது? தெருப்பூனைகள் மட்டும் வேனடியில் குடியேறின. நிழலுக்கு வருகின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு வெள்ளோட்டம் விட்டோம். கீழவைப்பார்வரை போய், சொந்தக்காரர்களிடம் வேனைக் காட்டிப் பெருமை அடித்துவிட்டுத் திரும்பினோம். மனைவி பின்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது சாமானியமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்பக்க டயர் வெடித்தது. வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் உப்பளத்து ஓடைக்கு நாலடி முன்னால் நின்றது. அவள் கட்டிலிலிருந்து உருண்டு கீழே கிடந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே இறங்கியவள், மறுபடி ஏறாமல் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக உருட்டி, ரோட்டோரத்துப் பஞ்சர் கடைக்குப் போனேன். அவள் எதிரில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் வெடித்த டயரைப் புரட்டினார், கட்டைவிரலால் பக்கவாட்டை அமுக்கினார். ரப்பர் குழைந்த வாழைப்பழமாக உள்ளே போனது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மீனு வாடை அடிக்கி?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தார். "எண்ணெ ரப்பருக்கு எமனுல்லா. ஊறி ஊறி ஒடம்பு செத்துப்போச்சு. நாலும் அப்படித்தான் நிக்கி. மாத்திருங்க."

ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போவதற்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன், கேவலமான முடிவு. "டயரு வித்த கடைக்காரன் பழைய சரக்க நம்ம தலையில கட்டிட்டான்ளா. கம்பெனிக் கோளாறாம். இந்தக் காலத்துல யார நம்ப முடியுது?" என்றேன்.

அவள் மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் இன்னொரு இடி. மதுரையில் இருக்கும் அவள் தங்கை, ரயிலில் குரூப்பாக வடநாட்டுச் சுற்றுலா போகிறாளாம். அதுவும் நாங்கள் கிளம்ப இருந்த அதே மாதம். "அக்கா, ஒனக்கும் ஒரு சீட்டு போடட்டா?" என்று கேட்டிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். என்னிடம், "டயர மாத்துங்க. பாப்போம்" என்றாள். அந்த 'பாப்போம்' கேட்டதிலிருந்து எனக்கு உயிரே இல்லை. வேன் இல்லாமல் நான் இருந்துவிடுவேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஆணியையும் யாருக்காக அடித்தேனோ அவள் ரயிலில் ஏறிப் போய்விட்டால், அந்தக் கட்டிலில் நான் எந்த முகத்தோடு தனியாகப் படுப்பேன்?

ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. டயர் விற்ற கடைக்காரரை வீட்டில் திட்டினேன், டீக்கடையில் திட்டினேன், கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போதுகூடத் திட்டினேன். அவர் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன். மார்க்கெட்டுக்குப் போக அரை கிலோமீட்டர் சுற்றினேன்.

கையில் இருந்த கொஞ்சக் காசுக்குள் நான்கு டயரும் ஒரு ஸ்டெப்னியும் தேற்ற வேண்டும். முதலில் பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டித் தருகிற ரீட்ரெட் பட்டறைக்குப் போனேன். பாதி விலைக்குக் காரியம் முடியும் என்று கணக்கு. பட்டறைக்காரர் நியாயமான மனுஷர். வருகிற வியாபாரத்தை அவரே கெடுத்துக்கொண்டார்.

"உப்பு லாரிக்குப் போடலாம், அண்ணாச்சி. அது உள்ளூர்லயே மெல்ல உருளும். நீங்க குடும்பத்த ஏத்திட்டு நெடுந்தூரம் போறிய. அதுவும்போக, அடி டயரோட ஒடம்பு நல்லா இருந்தாத்தான் மேல ஒட்ட முடியும். இது எதுல ஊறுச்சு?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"சரி, அது போட்டும். வண்டி எவ்வளவு எடன்னு தெரியுமா? அது தெரியாம எந்த டயர வாங்குனாலும் கண்ணக் கட்டிட்டு வாங்குன கததான். எட மேடையில ஏத்திப் பாருங்க மொதல்ல" என்று அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை மனைவிக்கு அரை நாள் வேலை. தங்கைக்கு அன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும், சீட்டு போட அதுதான் கடைசி நாள். "நானும் வாரேன். என்ன டயரு வாங்குதியன்னு பாக்கணும்" என்றாள். வேனில் ஏறமாட்டாளாம். நான் வேனை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்ட, அவள் பின்னால் ஸ்கூட்டரில் வந்தாள். தெருவில் ஒருவன் விடவில்லை. "ஹீரோயினுக்குத் தனி வண்டியா, அண்ணாச்சி?" என்று கத்தினான்.

எடை மேடையில் உப்பு லாரிகளுக்கு நடுவில் நாங்கள் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சரக்கு?"

"கட்டிலு, அடுப்பு, தண்ணித் தொட்டி" என்றேன்.

"பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேனுக்குள் ஏறினாள். நிற்கிற வண்டியில் ஏறலாமாம், ஓடுகிற வண்டியில்தான் ஏறக்கூடாதாம். உள்ளே போய்க் கட்டிலில் சரியாக உட்கார்ந்து, "இப்பப் போடுங்க எடைய" என்றாள். லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். முன் சக்கரத்தை மட்டும் ஒருமுறை, பின் சக்கரத்தை மட்டும் ஒருமுறை ஏற்றி எடை போட்டோம். சீட்டை நான் இரண்டு தடவை படித்தேன். பின்பக்கம் நான் நினைத்ததைவிட எவ்வளவோ கனம். எல்லாம் அந்த ஆசாரியின் கட்டில். அதை வேனுக்குச் செய்யவில்லை, மாலத்தீவுக்குப் போகச் செய்திருக்கிறார்.

அங்கிருந்து பழைய டயர் விற்கிற கொட்டகைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "போட்டுக்கா, வண்டிக்கா?" என்பதுதான். விசைப்படகுகளும் தோணிகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடுகிற டயர் ஒரு குவியல், ரோட்டில் ஓடுகிற டயர் இன்னொரு குவியல். வண்டிக்குத்தான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் கண் போனது என்னவோ நடுவில் சாய்த்து வைத்திருந்த நான்கு டயர்கள் மேல். ரோட்டைப் பிடிக்கிற பட்டன் அப்படியே ஆழமாக இருந்தது, தேய்மானமே இல்லை. விலையோ கொள்ளை மலிவு. நான் அவற்றைத் தட்டிப் பார்த்தேன், முட்டிபோட்டுத் தடவிப் பார்த்தேன். மாதாவே கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மனைவி கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு குனிந்தாள். "இது என்ன நம்பரு?" என்று ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினாள்.

"தயாரிச்ச தேதிம்மா. மொத ரெண்டு எத்தனாவது வாரம்னு, அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு" என்றார் கொட்டகைக்காரர்.

"அப்ப இது பொறந்து பதினோரு வருஷமாச்சு" என்றாள் அவள் உடனே. "எங்கயோ நின்ன வண்டியில கெடந்திருக்கு. ஓடல, அதான் தேயல. ஓரத்தப் பாருங்க, முடி முடியா வெடிச்சிருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்திர அட்டையப் பாக்குத மாதிரி எல்லாத்தையும் பாக்காதளா. பட்டனு எப்படி இருக்கு பாரு!"

"மாத்திர கெட்டுப்போனா ஒரு ஆளோட போவும். இதுல ரெண்டு பேரு போறோம்" என்றாள். "போறோம்னு இன்னும் சொல்லல. போனா."

கொட்டகைக்காரர் சிரித்துவிட்டு அந்த நான்கையும் போட்டுக் குவியலுக்கு உருட்டினார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக் குவியலைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு டயராகப் புரட்டித் தேதி படித்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பிறந்து இரண்டு வருஷம்கூட ஆகாதது, கொஞ்சம் ஓடியது. "இது ஸ்டெப்னிக்குப் போதும். ஓடுத நாலும் புதுசா இருக்கட்டும்" என்றாள். நாலு மணிநேரம் நான் அலைந்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது. ஸ்டெப்னியில் மிச்சம் பிடிக்கிற காசைப் புது டயரில் போடலாம். ரகசியமாக எனக்குப் பெருமையாக இருந்தது, வெளியே உர்ரென்று இருந்தேன்.

"புது டயருக்கு வாங்குன கடைக்கே போவோம்" என்றாள்.

"எந்தக் கடைக்கு?"

"ஒங்களுக்குப் பழைய சரக்கக் கட்டுன கடைக்குத்தான். நாலு வார்த்த கேக்க வேண்டாமா?"

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நல்ல கடை ஒன்று இருக்கிறது என்றேன். அந்த ஆள் சண்டைக்காரன், பொம்பள முன்னால் தாறுமாறாகப் பேசுவான் என்றேன். சனிக்கிழமை மூடியிருக்கும் என்றேன். அவள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டாள். இந்தமுறை அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். ஆடு வெட்டுக்குப் போவதுபோல் என்று சொன்னால் ஆட்டுக்கு அவமானம்.

கடை அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. என்ன இம்புட்டு நாளா இந்தப் பக்கமே காணும்? ஏட்டி, ரெண்டு கலர் கொண்டா" என்று கணக்கெழுதுகிற பெண்ணை ஏவினார். குளிர்ந்த பாட்டில் கைக்கு வந்தது. நான் அதைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி சண்டை எதுவும் போடவில்லை. எடைச் சீட்டை மேசைமேல் வைத்து, "பின்னால இவ்வளவு பாரம் இருக்கு. துணிமணியும், தண்ணியும் இன்னும் ஏறும். அதத் தாங்குத டயரு வேணும். காசு கம்மியாத்தான் இருக்கு" என்றாள். அண்ணாச்சி சீட்டைப் படித்துவிட்டு அவளை மரியாதையோடு பார்த்தார். எடைச் சீட்டோடு வருகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த பெரிய கம்பெனி, விலையும் பெரிசு. இன்னொன்று பார்க்க அழகு, ஆனால் கார்களுக்கு உரியது, பாரம் தாங்காது. மூன்றாவது யாரும் கேள்விப்படாத பெயர். சரக்கு வண்டிக்கு வருகிற கட்டியான டயர், எங்கள் எடைக்கு மேலேயே தாங்கும். தேதியைப் பார்த்தாள், பிறந்து நாலு மாதம்தான்.

"பேருக்குக் காசு குடுக்க வேண்டாம். நாங்க ஜெனரிக் மருந்து குடுக்கோம்லா, அதே மாதிரி. உள்ள இருக்க சரக்குதான முக்கியம்?" என்றாள்.

"எம்மா, நீங்க ஒரு டயரு கட வைக்கலாம்" என்றார் அண்ணாச்சி.

எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். பழைய டயரை எடுத்துக்கொண்டு ஏதாவது குறைக்க முடியுமா பார்க்கிறேன் என்று அண்ணாச்சி எழுந்து வேன் பக்கம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் டயரை அமுக்கினார். முகம் மாறியது.

"இது நம்ம கடையில வாங்குனதுல்லா? ரெண்டு வருஷம்தான ஆச்சு? என்ன இப்படிக் கெடக்கு?"

"ஒண்ணு வெடிச்சே போச்சு, அண்ணாச்சி" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "நான் கீழ விழுந்து கெடந்தேன்."

அந்த மனுஷர் ஆடிப்போய்விட்டார். "ஐயய்யோ, ஏன் எங்கிட்ட வந்து சொல்லல? கம்பெனிக்குக் கிளெய்ம் போடுவோம். நாலும் ஒங்களுக்குச் சும்மாவே கெடைக்கும். கம்பெனிக்காரன் தரலன்னா பாதிய நான் போடுதேன். என் கடையில வாங்குன டயரு ரோட்டுல வெடிச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என் பேரு என்னத்துக்கு ஆவும்?"

நாலு பேருக்கு ஏற்கெனவே தெரியும். நாற்பது பேருக்குத் தெரியும். நான்தானே சொன்னேன்.

உள்ளே போய் ஒரு கிளெய்ம் ஃபாரத்தை எடுத்துவந்தார். டயரில் வேறு எந்தப் பொருளும் உபயோகிக்கவில்லை என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்கு இடம். நான் சட்டைப் பையைத் தடவினேன், பேனா இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தபோது மனைவி தன் பையைத் திறந்து, மாத்திரை அட்டையில் எழுதுகிற அந்த நீலப் பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றி, என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டால் நான்கு டயர் இலவசம். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பேனாவைப் பேப்பரில் வைத்தும்விட்டேன். அப்போது அண்ணாச்சி என் மனைவியிடம், "அடி ஒண்ணும் படலையே, தாயி?" என்று கேட்டார். கேட்ட குரல் நிஜமாகவே நடுங்கியது. என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க டயருல குத்தமில்ல. நான் சாளை எண்ணெ தடவுனேன்."

"எதுல?"

"டயருலதான்."

"டயருலயா? எதுக்கு?"

"உப்புக்காத்து தின்னுரக் கூடாதுன்னு. வள்ளத்துக்குப் பூசுவோம்லா."

அவர் என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "எத்தன மட்டம்?"

"மாசம் ஒருக்க."

"ரெண்டு வருஷமா? ஸ்டெப்னிக்குமா?"

"அதுக்கும்தான்."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கே இருந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. கணக்கெழுதுகிற பெண் வெளியே ஓடிவந்து பார்த்தாள். "நான் ஊரெல்லாம் ஒங்களத்தான் குத்தம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். என்ன மன்னிச்சிருங்க" என்று அதையும் சொல்லிவிட்டேன். சொல்லித் தொலைத்தால் முழுசாகத் தொலைக்க வேண்டும். "போங்க அண்ணாச்சி. இப்படிச் சிரிச்சு எத்தன வருஷமாச்சு! அலைன்மென்ட் நான் சும்மா பாத்துத் தாரேன்" என்று எழுந்துபோய்ப் புது டயர்களை இறக்கச் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள், என் மனைவி சிரிக்கவில்லை. நான் தயங்கித் தயங்கி அவள் பக்கம் போனேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பத்திலிருந்து?"

"மொத மாசத்திலிருந்து. முப்பது வருஷமா மீனெண்ணெ மாத்திர குடுத்த கை இது. வீட்டுக்குள்ள நொழையும்போதே வாட அடிக்கும். ரப்பரு கெடும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். வெடிச்சதும் வெளங்கிட்டு."

"பெறகு ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன். நீங்க கடக்காரரத் திட்டுனிய. ஒரு நாளா, ரெண்டு நாளா? எனக்கு டயரப் பத்திப் பயமில்ல. அதுலயாவது தேதி அச்சடிச்சிருக்கு, குனிஞ்சு பாத்தா நல்லது கெட்டது தெரிஞ்சிரும். ஒங்க மேல எங்கன அடிச்சிருக்கு? நீங்க சொன்னாத்தான எனக்குத் தெரியும்?"

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாரம் இறங்கிப்போனது. அவள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, கையில் இருந்த கலரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தங்கைக்குத்தான் அடித்தாள். ஜாக்கி வைத்து வேனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு சக்கரமும் இன்னும் கழலவில்லை.

"எனக்குச் சீட்டு போடாதளா" என்றாள். "ஆமா, வேன்லதான் போறேன். டயரா? டயரு இன்னும் மாட்டல. ஒங்க அத்தான் சரியாயிட்டாரு."